ஐம்பது சுற்றுக்கு ஒரு முடிச்சு

செய்தி வந்தபோது மணி மூன்று இருபது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பதிவறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் நானே எடுத்தேன். பேசியது சைலஜா. ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கும் மங்களாம்பிகை மாமியின் மகள். அம்மாவைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்தாள்.

“சார், திரௌபதி எங்காத்து மொட்டை மாடியில உக்காந்திருக்கா. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறா. நீங்க உடனே வரேளா?”

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. அந்த வீட்டு மாடியில் நிற்கும் பழைய காற்றாடி சுற்றினால், அதைத் தாங்கும் இரும்புக் குழாய் வழியாக அந்த ஓசை கீழ்க்கூடம் வரை இறங்கும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. அன்று ஊரிலேயே காற்று இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் என் மனைவி திரௌபதி இறந்துவிட்டிருந்தாள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். வயது முப்பத்தெட்டு. 1999, புரட்டாசி மாதம்.

திரௌபதி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் வேலைக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு, 1991இல், செங்கம் ரோட்டில் சொந்தக் கடை போட்டாள். பலகையில் தன் பெயரை எழுதச் சொன்னபோது பெயின்டர் இரண்டு தடவை கேட்டானாம், “வீட்டுக்காரர் பேரு வேணாங்களாம்மா?” என்று.

அவள் கம்பி சுற்றுவதைப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வலது கை பிடியைச் சுற்ற, இடது கை விரல்களுக்கிடையே தாமிரக் கம்பி ஓட, உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ மோட்டார் சூடேறிவிடும். அதனால் ஐம்பது சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி, மேஜை ஓரத்தில் தொங்கும் நூலில் ஒரு முடிச்சுப் போடுவாள். முடிச்சு விழும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் கிடையாது.

ஒருநாள் ராமதாஸ் என்ற மணிலாக்கொட்டை விவசாயி வந்து உட்கார்ந்தார். “இன்னாம்மா, மோட்டார் சுத்துறியா, மந்திரம் சொல்றியா? கரன்ட்டு வர்ற நேரத்துல மோட்டார் இல்ல, மோட்டார் இருக்குற நேரத்துல கரன்ட்டு இல்ல. கேக்குறது காதுல உழுதா இல்லியா?”

திரௌபதி ஐம்பதை முடித்தாள். முடிச்சுப் போட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

“உம்மோட்டார் லோ வோல்டேஜ்ல எரியல ராமதாஸு. நீ அது பக்கத்துல உக்காந்து பேசியிருப்ப.”

அந்தக் காற்றாடி அவளிடம் பழுதுபார்க்க வந்தது 1996இல். அறுபதுகளில் ஆசிரமத்துக்கு வந்து தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலில் வரவழைத்து மாடியில் நிறுத்தியது. அவர் ஊர் திரும்பியபோது வீட்டுக்காரரான, மாமியின் கணவர் சம்பந்தமூர்த்தி குருக்களிடம் விட்டுவிட்டுப் போனார். மூன்று மர இறக்கைகள், நடுவில் பானை மாதிரி ஒரு டைனமோ, பின்னால் தகர வால். அப்போது அந்தத் தெருவுக்கு மின்சாரம் கிடையாது. கார்த்திகை தீபத்தன்று ஊரே விளக்கை அணைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அல்லவா? உச்சியில் ஜோதி தெரிந்த அந்தக் கணத்தில், காற்றில் சேர்த்துவைத்த மின்சாரத்தில் குருக்கள் மாடி பல்பைப் போடுவார். தெருவில் முதல் விளக்கு அவருடையதுதான். அவர் இறந்த வருடமே காற்றாடியும் இறுகி நின்றுவிட்டது.

“அந்த பல்பு ஒரு தரம் எரிஞ்சா போறும்” என்று மாமி கேட்டாள். திரௌபதி ஒப்புக்கொண்டாள்.

ஒன்றேகால் வருடம் ஆயிற்று. பேரிங்கில் எண் அழிந்திருந்தது. அளவை ஒரு அட்டையில் குறித்துக்கொண்டு நான் சென்னை புதுப்பேட்டையில் காயலாங்கடை காயலாங்கடையாக அலைந்தேன். நாலாவது நடையில், பழைய நெசவுத்தறி ஒன்றிலிருந்து கழற்றியது கிடைத்தது. கார்பன் பிரஷ்ஷை லாரி டைனமோவிலிருந்து எடுத்து அரத்தால் தேய்த்துப் பொருத்தினாள். ஒரு இறக்கையைக் கரையான் தின்றிருந்தது. அதற்குக் குமிழ மரத்தில் புதிது இழைக்கச் சொன்னாள். மற்ற இரண்டின் எடைக்கு அது வரும்வரை ஆசாரியை விடவில்லை. “இன்னாம்மா, பொண்ணுக்கு நகையா செய்யுறோம்?” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் காலத்து முப்பத்திரண்டு வோல்ட்டுக்குப் பாட்டரி கிடைக்காது என்பதால், ஒரு லாரி பாட்டரிக்குப் பொருந்தும்படி கம்பி முழுவதையும் மாற்றிச் சுற்றினாள். நூலில் எத்தனை முடிச்சு விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

1997 தீபத்தன்று மலையில் ஜோதி தெரிந்தது. மாமி சுவிட்சைத் தட்டினாள். பல்பு எரிந்தது. திரௌபதி மலையைப் பார்க்கவில்லை, பல்பைத்தான் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் காற்றாடி காற்றில்லாமல் சுற்றத் தொடங்கியது.

இலை அசையாத மத்தியானம். இறக்கைகள் மெதுவாக, ஒரே சீராகச் சுற்றும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு நடையை எட்டிப்போட்டார்கள். மாமி பயப்படவில்லை. மாடியில் ஒரு நாற்காலி போட்டாள். டபராவில் காபி கொண்டுபோய்க் குழாயின் அடியில் வைத்தாள். “அவர் மத்தியானத்துல கொஞ்சம் உலாத்துவார்” என்றாள்.

திரௌபதிக்குக் காரணம் தெரியும். டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவே கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. காற்று நின்றதும் அதற்குள் இருக்கும் இரண்டு பாயிண்டுகள் பிரிந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பாயிண்ட் கருகி ஒட்டிக்கொண்டால், பாட்டரியின் மின்சாரம் திரும்பி ஓடி டைனமோவையே மோட்டாராகச் சுற்றவைக்கும். நான் கல்லூரியில் பாடமாகப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அங்கேதான்.

அவள் உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்தாள். காற்றாடி நின்றது. மாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் திரௌபதி போய்ப் பார்த்தபோது குழாயடியில் காபி ஆடை படிந்து கிடந்தது. சில வாரத்தில் பாயிண்ட் மறுபடி ஒட்டியது. இந்தத் தடவை அவள் அதைத் தொடவில்லை.

தொடாமல் விட்டதோடு நிற்கவுமில்லை. பாட்டரி தீர்ந்துபோகும் என்று வெள்ளிக்கிழமைதோறும் சார்ஜ் ஏற்றிய பாட்டரியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய் மாற்றினாள். ஒன்றரை வருடம். யாரையும் ஏமாற்றாத பெண் அந்த ஒரு வீட்டில் மட்டும் ஏமாற்றினாள். நான் கேட்டால், “ஒரு பாட்டரி தானுங்க, போனாப் போவுது” என்பாள்.

இந்தப் புரட்டாசியில் சைலஜா கடைக்கு வந்தாள். மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும். ஆனால் மாமி ஊரைவிட்டு அசைய மறுக்கிறாள்.

“அவரைத் தனியா விட்டுட்டு எப்படி வரதுங்கறா. அம்மாவுக்குக் கண்ணே போயிடும் திரௌபதி. நீதானே அதை ஓட்டிவிட்டே? நீயே நிறுத்து.”

அன்று மாலையே திரௌபதி போனாள். கட்-அவுட்டைக் கழற்றி, இரண்டு ஒயர் முனைகளையும் தனித்தனியாக டேப் சுற்றி மூடினாள். பிறகு மாமியின் எதிரே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

“மாமி, இத்தினி நாளா அது தன்னால சுத்துல. பாட்டரில சுத்திச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம உட்டுட்டேன்.”

மாமி கோபப்படவில்லை. “சரி, எடுத்துண்டு போ. நாளைக்குப் பார்க்கலாம்” என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது திரௌபதியின் முகத்தில் நிம்மதி இருந்தது. இனி மாமி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்றாள். நெடுநாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு சைலஜா கடைக்கு ஓடிவந்தாள். காற்றாடி சுற்றுகிறது. திரௌபதி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, செருப்பை மறந்து கிளம்பினாள். மாடியில் டேப் பிரியாமல் இருக்கிறதா என்று ஒயர்களைத் தொட்டுப் பார்த்தாள். பாட்டரியையும் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு குழாயடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கத் தொடங்கினாள். “உதடு மட்டும் அசைஞ்சுண்டே இருந்தது சார்” என்றாள் சைலஜா. “ஜபம் பண்றாளாக்கும்னு நினைச்சேன்.”

அவள் எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். எந்த எண்ணில் நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து மாமி வரச்சொன்னாள். மத்தியானம். மாடிப்படி ஏறும்போதே சுவரில் அந்த முனகல் அதிர்ந்தது. மாமி நாற்காலியில் இருந்தாள், கண் எங்கோ நிலைத்திருந்தது. குழாயடியில் காபி இல்லை. கொடியில் காயப்போட்ட புடவை நேராகத் தொங்கியது. நான் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்தேன். எந்தப் பக்கமும் குளிரவில்லை. ஒயர் முனைகளில் அவள் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. பாட்டரி ஓரத்தில் தூசியோடு கிடந்தது. தலைக்கு மேல் மூன்று இறக்கைகளும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

“எனக்குக் கண் சரியாத் தெரியலை” என்றாள் மாமி. “காதாலதான் பார்க்கறேன். அந்தப் புது இறக்கை குழாயைத் தாண்டறச்சே ஒரு தட்டல் கேக்கும். அதை எண்ணுங்கோ.”

எண்ணினேன். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பதில் காற்றாடி நின்றது. தானாக ஓய்ந்து நிற்கும் நிற்றல் அல்ல அது. கையால் பிடித்த மாதிரி. ஒரு மூச்சு நேரம், நூலில் முடிச்சுப் போட எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. மறுபடி சுற்றத் தொடங்கியது. மறுபடியும் ஐம்பதில் நின்றது. மூன்றாம் தடவை எண்ண என்னால் முடியவில்லை.

“முன்னே இப்படி நிக்காது” என்றாள் மாமி. “அவர் எதையும் எண்ணிப் பண்ணினவர் இல்லை. அந்தப் பொறுமை அவருக்குக் கிடையாது.” நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “திரௌபதி சொன்னது சரிதான். அவர் இங்கே இல்லை. நான் யாருக்காக உக்காந்திருக்கணும்?” என்றாள். பிறகு படிப்பக்கம் திரும்பி, “சைலு, வண்டிக்குச் சொல்லு. நாளைக்குக் கார்த்தாலே கிளம்பலாம்” என்று குரல் கொடுத்தாள்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சென்னையிலிருந்து சைலஜா கடிதம் போட்டிருக்கிறாள். கட்-அவுட் பெட்டியைச் சரிசெய்து மாட்டிவிடலாம், இல்லை காற்றாடியையே இறக்கிவிடலாம், உங்கள் இஷ்டம் என்று எழுதி, வீட்டுச் சாவியையும் அனுப்பியிருக்கிறாள். தீபத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கடையை இன்றுதான் திறந்தேன். மேஜை ஓரத்தில் நூல் தொங்குகிறது. கட்-அவுட் மூடி கழற்றியபடியே கிடக்கிறது, பக்கத்தில் மடித்த உப்புத்தாள். இரண்டு பாயிண்டுகளில் மேலே இருப்பதை அவள் தேய்த்து முடித்திருக்கிறாள். கீழே இருப்பது இன்னும் கருப்பாகவே இருக்கிறது.