வில்லின் முதல் அடி

யாராவது பேச வாயெடுத்தால் போதும், ஆவுடைநாயகத்தின் வலக்கை விரல்கள் இரண்டு, சத்தக் குமிழைக் குறைப்பதுபோல் காற்றில் இடப்பக்கமாகத் திருகும். தென்காசியில் மைக்செட் வைத்திருந்த பன்னிரண்டு வருஷமும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கடையம் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடைவிழா. வில்லுப்பாட்டுக்காரி முப்பிடாதியம்மாள் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே வில்லில் ஓங்கி அடித்துத்தான் தொடங்குவாள். ஓடையில் குளித்து நிற்கும் சாமியாடிக்கு ஒலிபெருக்கிக் குழாய் வழியே அந்தப் பேர் கேட்டதும் அருள் வரவேண்டும். முதல் அடியிலேயே வில்மணிகள் ஒருசேர அதிர, குழாய் வீறிட்டது. ஆவுடைநாயகம் குமிழைத் திருகுவதற்குள் பேர் சிதறிப்போயிற்று.

கேட்டபிறகு திருகினால் பிந்தத்தானே செய்யும் என்று தன்னையே கடிந்துகொண்டார். மறுவருஷம் வில்லடிக்கும் கோல் உயரும்போதே சத்தத்தைக் குறைத்தார். குழாய் வீறிடவில்லை. அம்மன் பேரும் வெளியே வரவில்லை. சாமியாடி ஈரவேட்டியோடு ஓடைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"போன வருசம் காதக் கிழிச்சீரு. இப்ப ஆத்தா பேரயே முழுங்கிட்டீரு. பசிச்சா கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி," என்றாள் முப்பிடாதியம்மாள்.

"அடுத்த கொடையில ஒன் மொதச் சொல்லு முழுசா ஓடைக்குக் கேக்கும் தாயி. அது எங் கடன்."

அந்த வருஷச் சாரல் பருவத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர், சத்தம் எகிறினால் தானே குறைத்துக்கொள்ளும் வால்வு இணைப்பொன்றை வரைந்து கொடுத்தார். எத்தனை விரைவாகக் குறையும் என்பது அதிலுள்ள கண்டென்சர் என்ற மின்தேக்கியின் அளவைப் பொறுத்தது. பெரியதைப் போட்டால் வழக்கம்போலப் பிந்தியது. மிகச் சிறியதைப் போட்டால் குரல் கரகரத்தது. மனைவி பாலம்மாள் மைக்குக்கு முன்னால் அம்மன் பேரைச் சொல்லிச் சொல்லி, வில்லுக்குப் பதிலாக மாதக்கணக்கில் தாம்பாளத்தைத் தட்டினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"சாக்குல அடிச்ச மாதிரி."

"இப்ப?"

"தாம்பாளம் நசுங்கிட்டு. அது மட்டும் நல்லாத் தெரியுது."

பங்குனியில் ஒருநாள் தாம்பாளச் சத்தமும் பேரும் உடையாமல் வந்தன. சித்திரைக் கொடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாமியாடி ஓடைக்குப் போகாமல் வில்லுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு வருசம் தண்ணிக்குள்ள நிக்க என்னால ஆவாது."

"எந் தொண்டையே போதும் அண்ணாச்சி. பொட்டி அங்கனயே இருக்கட்டும்," என்றாள் முப்பிடாதியம்மாள்.

அவள் கோலை உயர்த்தினாள். ஓரமாக நின்ற ஆவுடைநாயகத்தின் விரல்கள் காற்றில் திருகின.

மறுவருஷம் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அந்த முதல் சொல் இன்னும் ஓடைக்குப் போய்ச் சேரவில்லை.