சித்தி எடுத்த கவிதைப் புத்தகம்

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில், வயல்களைத் தாண்டி எங்கள் சபையின் சிறிய ஆலயம் இருக்கிறது. லெந்து என்ற தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் போதகர் தியானப் புத்தகங்களைப் பாயில் பரப்பி வைப்பார். வீட்டுக்கு ஒன்று. ஈஸ்டர் வரை தினமும் சாயங்காலம் ஒரு பகுதியைக் குடும்பமாகப் படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்த வருடம் யார் வீட்டில் சாவு நடந்ததோ அவர்கள்தான் முதலில் எடுப்பார்கள். அதுவரை வேறு யாரும் பாயைத் தொடுவதில்லை.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அந்த முறை சித்திக்கு வந்தது. அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிருந்தது. அம்மா தங்கையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டாள். சித்தி சமைத்தாள், எனக்குத் தலை பின்னினாள், பக்கத்து வீட்டாரோடு பேசினாள். ஜெபத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கண்களை மூடியிருக்கும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் விசுவாசத்தை விட்டுவிடுவாளோ என்று அம்மா பயந்தாள்.

பாயின் முன் சித்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பாதி அட்டைகளில் ஆறுதல் என்ற சொல் இருந்தது. போதகரின் மனைவி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இத எடுத்துக்கோமா. மனசுக்கு எதமா இருக்கும்.”

சித்தி அரைப் பக்கம் படித்துவிட்டு மூடினாள். “எல்லாம் நன்மைக்குத்தான்னு போட்டுக்கீது” என்று திருப்பி வைத்தாள்.

பின்னால் கூட்டம் பொறுமை இழந்தது. “வூட்ல கொயம்பு ஊசிப்பூடும் போல கீதே” என்றாள் ஒருத்தி. “சும்மா கெட. அது இன்னா பொடவயா எடுக்குது?” என்று இன்னொருத்தி அடக்கினாள்.

கடைசியில் சித்தி எடுத்தது மெல்லிய கவிதைப் புத்தகம். அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, ஒரே பொலம்பலா கீது. ஆண்டவர்கிட்ட சண்ட போட்றானே.”

“போடட்டும்” என்றாள் சித்தி.

போதகர் தலையசைத்தார். மற்றவர்கள் பாயை நோக்கி நகர்ந்தார்கள்.

வீட்டில் அப்பாதான் படிப்பார். ஒவ்வொரு கவிதையும் முடிந்ததும், “ஆனாலும் ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்” என்று சேர்த்துக்கொள்வார். அதுவும் அச்சில் இருப்பது போலவே ஒலிக்கும். சில நாட்கள் அப்படியே போயின. ஒரு சாயங்காலம் சித்தி குறுக்கிட்டாள்.

“மாமா, அதுல கீறத மட்டும் படிங்க.”

“நான் இன்னாமா தப்பா படிச்சேன்?”

“கடைசில நீங்களா ஒண்ணு சேத்துக்கிறீங்க. எய்தனவன் அத சொல்லல.”

“ஸ்தோத்திரம் சொன்னா இன்னாடி கொறஞ்சி பூடும்?” என்றாள் அம்மா.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை அவளிடம் கொடுத்து, “நீயே படிமா” என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவன் கடவுளிடம் பேசும் கவிதை அது. உம்முடைய மகன் சிலுவையில் செத்தபோது நீர் எங்கே இருந்தீர் என்று கேட்டான். அதோடு முடிந்தது. சித்தியின் குரல் உயரவுமில்லை, நடுங்கவுமில்லை. வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல அப்பா வாயெடுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். சித்தி அதே கேள்வியை, புத்தகத்தைப் பார்க்காமல், இன்னொரு முறை கேட்டாள். கண்களை மூடினாள். “ஆமென்” என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. எனக்கு அது பிடிபடவில்லை. “சித்தி ஆண்டவர அப்டி கேட்டுச்சே, நீ ஏன் திட்டல?” என்று கேட்டேன்.

“பேசிட்டாளே, அது போதும்” என்றாள் அம்மா.

சித்தி எங்களோடு தினமும் பேசிக்கொண்டுதானே இருந்தாள்? அம்மா எதைச் சொல்கிறாள் என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.