மேகவீரன் கறுத்த வருஷம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிரீஸ் தடவுவது அவர் பிழைப்பு. வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் மேகவீரன் ஆகிவிடுவார். மேகவீரன் என்பவன் படக்கதைப் புத்தகத்தில் நீலத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு பறக்கிறவன். அவனுக்கு இங்கே ஒரு வாசகர் மன்றம் உண்டு. அதன் ஆண்டு விழாவில் வேஷம் கட்டுவது இவர்தான்.

கடவுள் இவரை நல்ல கறுப்பாகப் படைத்தார். மேகவீரனோ வெள்ளையடித்த சுவர். அதனால் விழா அன்று இவருக்குப் பவுடர் போடுவது என் வேலை. ஒரு டப்பா காலியாகும். வியர்த்தால் கோடு கோடாக இறங்கும். இவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இந்த வருஷம் வந்த புதுப் புத்தகத்தில் மேகவீரன் கறுப்பு. வீடு துக்க வீடாகிவிட்டது.

என் தம்பி பேக்கரி வைத்திருக்கிறான். பிறவியிலேயே வெளுப்பு, போதாததற்கு மாவு வேறு. அவனும் மன்றத்து ஆள்தான். வந்து உட்கார்ந்ததும், புது மேகவீரன்தான் அழகு என்று சொல்லிவைத்தான்.

“பொறந்ததுல இருந்து வெள்ளையா இருந்தவன் எப்படி மாப்ள கறுப்பான்?” என்றார் இவர்.

“தினமும் வெயில்ல பறக்குறான் மாமா. கறுக்காம என்ன பண்ணுவான்?”

“கிண்டலா? கறுப்பா ஒருத்தன் வந்து நின்னா எவன் மதிப்பான்?”

“அதை நீங்க சொல்றீங்க பாருங்க,” என்று தம்பி என்னைப் பார்த்தான். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் பழையவனா, புதியவனா என்று மன்றத்தில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஜெயிக்கிற கட்சிக்கே வேஷம் என்று பேச்சு. தம்பிக்கு அந்த வேஷத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண். இவருக்குச் சோறு இறங்கவில்லை. நானும் சாமியிடம், நியாயம் எந்தப் பக்கமோ எனக்குத் தெரியாது, அந்தத் துணி மட்டும் இவர் முதுகிலேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். இவர் மேஜையைத் தட்டிப் பேசினார்.

“புத்தகத்துல என்ன நெறமோ மேடையிலயும் அதே நெறம். இதை விதியா எழுதுங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். விதி நிறைவேறியது. பிறகு ஓட்டு நடந்தது. புது மேகவீரன் ஜெயித்தான்.

தம்பி துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மன்றச் செயலாளர் தையற்கடைக்காரர். ஆளை அளந்து பார்த்தே பழகியவர்.

“நீ எப்படிப்பா கட்டுவே? விதி இருக்கே.”

“எதையாவது பூசிக்கிறேன் அண்ணே.”

“பூசினா அது உன் நெறமா? உங்க மாமா இப்பதானே தொண்டை கிழியக் கத்தினாரு.”

செயலாளர் புதுப் புத்தகத்தை விரித்து இவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கூட்டம் படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

தோற்றால் வெளிநடப்பு என்று இவர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே வாசல்வரை நடந்தார். அங்கே நின்று செருப்பைத் தேடினார், காலில்தான் இருந்தது. திரும்பி வந்தார்.

“நான் இன்னும் எதிர்ப்புதான். அதைக் குறிப்புல ஏத்திக்குங்க,” என்று செயலாளரிடம் சொன்னார்.

அப்புறம் தம்பி தோளிலிருந்த துணியை உருவி என்னிடம் நீட்டினார்.

“கசக்கிட்டான் பாரு. சூடு கம்மியா வெச்சு இஸ்திரி போடு.”