கண்மணியின் ‘குட் கிரேஷஸ்!’

வித்தைக்காரர் பரமசிவத்தின் மனைவி கண்மணிக்கு ஒரு வேலை இருந்தது. சிங்கப்பூரில் வேறு யாருக்கும் அப்படியொரு வேலை இருந்திருக்காது. ஆச்சரியப்படுவது! அதுவும் ஆங்கிலத்தில்!

ஐம்பதுகளில் தங்ளின் வட்டாரத்து வெள்ளைக்காரர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வந்தால் பரமசிவத்தைக் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டம் லேசில் வாய் திறக்காது. யாராவது ஒருவர் முதலில் கத்த வேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வரும். அந்த ஒருவர்தான் கண்மணி. சுவரோரம் நிற்கும் ஆயாக்களோடு தானும் ஓர் ஆயாவாக நின்றுகொள்வாள். தொப்பிக்குள்ளிருந்து முட்டை வெளியே வந்ததும் ‘குட் கிரேஷஸ்!’ என்பாள். ஆயாக்கள் சிரிப்பார்கள், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், கடைசியில் துரைமார்களும் கை தட்டுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் உண்மையிலேயே ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தவள். அந்த வீட்டு அம்மாவிடம் ஆச்சரியத்துக்குப் பஞ்சமே இல்லை. பால் பொங்கி வழிந்தால் ‘ஓ டியர்!’ பூனை குட்டி போட்டால் ‘மை குட்னஸ்!’ சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு பெண்டாட்டியோடு வந்து நின்றபோது ‘வெல், ஐ நெவர்!’ இந்தக் கடைசி மட்டும் கண்மணிக்குப் பிடிபடவே இல்லை. ‘நான் ஒருபோதும்’ என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே நிறுத்திவிடுகிறார்களே, ஒருபோதும் என்ன? இருந்தாலும் சொல்ல ஜோராக இருந்ததால் பெரிய வித்தைகளுக்கென்று அதை ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். எல்லா வித்தையின் சூட்சுமமும் அவளுக்கு அத்துப்படி. முட்டையைத் துடைத்துக் கொடுப்பதே அவள்தான், பிறகு எங்கேயிருந்து ஆச்சரியம் வரும்? ஐம்பத்தெட்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நினைப்பை எங்கேயோ விட்டுவிட்டு, முட்டை வருவதற்கு முன்பே ‘குட் கிரேஷஸ்!’ என்று கத்திவிட்டாள். முன்வரிசைப் பொடியன் திரும்பிப் பார்த்து, “நத்திங் ஹேப்பண்ட்!” என்றான். கூடமே சிரித்தது. மானம் கப்பலேறிப் போயிற்று.

டன்லப் ஸ்திரீட்டில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குத் திரும்பியதும் பரமசிவம் ஆரம்பித்தார். “ஒனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு கண்மணி. அதான் கொரல்ல உசுரே இல்ல. கிறிஸ்மசுக்கு நேவல் பேஸ் கிளப்புல கூப்பிட்டிருக்காங்க. புடிச்சுப் போச்சுன்னா மாசாமாசம் ஷோ. கடைசி வித்தை புதுசு. அத ஒனக்குச் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாட்டி எப்பக் கத்துறதுன்னு எனக்கு எப்படிலா தெரியும்?”

“இந்தவாட்டியும் சொதப்புனா அடுத்ததுக்கு மருதப்பனக் கூட்டிட்டுப் போறேன்.” மருதப்பன் அவருடைய தம்பி.

“ஆயாக் கூட்டத்துல மீசையோட நிப்பாரா ஒங்க தம்பி?”

வாய்க்கு வாய் பேசினாளே தவிர, அந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை. சோறாக்குவதையும் துணி துவைப்பதையும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு கூடம் முழுக்கத் தன் ஒரு சொல்லுக்குக் கிளம்பி ஆர்ப்பரிக்கிறதே, அந்தச் சுகத்தை மீசைக்காரனுக்கு விட்டுக்கொடுப்பதா? பரமசிவம் குளிக்கப் போன நேரமெல்லாம் பெட்டி, பை, பாய்க்கு அடி என்று ஓர் இடம் விடாமல் அந்தப் புது வித்தையின் சாமானைத் தேடினாள். ஒரு மண்ணும் அகப்படவில்லை.

கிளப்பில் அன்று நல்ல கூட்டம். முட்டை, கயிறு, சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் கண்மணி மிகச்சரியாகக் கத்தினாள். அடுத்தது அந்தப் புது வித்தை. ‘வெல், ஐ நெவர்!’ நாக்கு நுனியில் தயாராக நின்றது.

பரமசிவம் ஒரு பழைய கறுப்புக் குடையை எடுத்தார். மழைக்கு அவள் தேக்கா மார்க்கெட்டுக்குப் பிடித்துக்கொண்டு போகும் அதே குடை! விரித்துக் காட்டினார், ஒன்றுமில்லை. உதறினார், மடக்கினார். தலைக்கு மேலே தூக்கி மறுபடியும் விரித்தார்.

மல்லிகை கொட்டியது. உதிரி மல்லிகை, அன்று பறித்த பூ. அவர் தோளில் விழுந்தது, மேடையில் விழுந்தது, நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. மின்விசிறிக் காற்றில் வாசனை சுவரோரம் வரைக்கும் வந்து கண்மணியின் மூக்கில் ஏறியது. காலையிலிருந்து அவர் கூடவே இருந்தாளே! பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததே அவள்தானே! இத்தனை மல்லிகை, ஒரு துளி வாசம்கூட வரவில்லையே!

பக்கத்தில் நின்ற ரத்தினம்மா என்ற ஆயா அவளை இடித்தாள். “என்னக்கா, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க?”

கண்மணிக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கூடம் கப்சிப் என்று இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்த நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு பருத்த துரை நாற்காலி சாய எழுந்து, “குட் லார்ட்!” என்று முழங்கினார். அவ்வளவுதான், பிள்ளைகள் மேடையில் ஏறிவிட்டார்கள். பூவை அள்ளி அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து ஒரே அமர்க்களம். கிளப் செயலாளர் பரமசிவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த மாதமும் வரச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் கண்மணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் கத்தாமலேயே காரியம் முடிந்துவிட்டது. இனிமேல் அவள் எதற்கு?

“மருதப்பனையே கூட்டிக்கிட்டுப் போங்க,” என்றாள். “என்னால கத்த முடியல.”

“கத்துனியா கத்தலியான்னு யாரு பாத்தா?” பரமசிவம் சின்னப் பிள்ளைபோலக் குதித்துக்கொண்டிருந்தார். “ஒன்னோட மொகத்தப் பாத்தேன் கண்மணி! கல்யாணமான நாள்லேருந்து என் வித்தைய ஒருத்தரும் அப்படிப் பாத்ததில்ல. நீ வராம எனக்கு ஷோ வேணாம். பூவு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லட்டுமா? அந்தக் குடையில...”

கண்மணி நடுத்தெரு என்றும் பாராமல் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

“சொல்லாதீங்க! இது ஒண்ணாவது எனக்குத் தெரியாமயே இருக்கட்டும்.”