சீர்வரிசையில் வந்த ரஸ்தாளிக் கன்றுகள்

என் மாமனார் அழகிரிக்கு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒன்றரை ஏக்கர் வாழை. அத்தனையும் ரஸ்தாளி. பூவன் போடுகிறவர்களை அவர் விவசாயி என்று ஒப்புக்கொண்டதே இல்லை. வீட்டுக்கு வந்தால் மோர் கொடுப்பார், அவ்வளவுதான். 1957 தை மாதம் எனக்கும் அவர் மகள் பொன்னுத்தாய்க்கும் கல்யாணம். மண்ணச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்த சீர்வரிசை வண்டியில் பாத்திரங்களோடு இருபது ரஸ்தாளிக் கன்றுகளும் இருந்தன. பாத்திரங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கன்றுகளைப் பற்றி மாலை வரை பேசினார்.

ஆடி பிறந்ததும் அவர் தோட்டத்தில் அடி இலைகள் மஞ்சளாகி மரத்தைச் சுற்றித் தொங்கின. முதலில் ஏழு மரம், பிறகு முப்பது. விவசாய ஆபீசர் கிளமென்ட் வந்து ஒரு கிழங்கை அறுத்துக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புக் கோடுகள்.

"வாடல் நோய்ங்க. மண்ணுல இருக்கற ஒரு பூசணம். கன்னோட கிழங்குலயே ஒட்டிக்கிட்டுப் போகும். போன எடத்துலயும் வருஷக்கணக்கா மண்ண விடாது. யாருக்காவது கன்னு கொடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் மாமனார்.

அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று எழுத ஆசை. மாப்பிள்ளையான எனக்கு வேறு சிலதும் தெரியும். ஆனால் இந்தப் பொய் அவரைத் தின்றுவிட்டது. மகள் வாழப்போன வீட்டு மண்ணைத் தானே கெடுத்துவிட்டோம் என்று மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது வாரம் கடப்பாரையைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். என் அம்மா பவுனம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இருபதையும் தோண்டிக் கொளுத்திடறேன் தங்கச்சி. எங்க நட்டீங்க?"

"இங்க ரெண்டுதாண்ணே இருக்கு. ஒசத்தியான கன்னாச்சேன்னு தெருவுல வீட்டுக்கு ஒண்ணு கொடுத்துட்டேன். எல்லாரும் உங்க பேரச் சொல்லித்தான் தண்ணி ஊத்தறாங்க."

மாமனார் எங்கள் வீட்டுக் கன்று இரண்டையும் தோண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் கேட்காமல் தெருவில் இறங்கினார். எனக்கு அவர்மேல் கோபம்தான். இருந்தாலும் தனியாக அனுப்ப மனம் வராமல் கூடவே போனேன்.

முதல் வீடு ரைஸ் மில் மேஸ்திரி பஷீர் அகமதுவுடையது.

"நான் அழகிரிங்க, பொன்னுத்தாயோட அப்பா. அந்தக் கன்னு விஷயமா வந்தேன்."

பஷீர் அகமதுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மனைவியைக் கூப்பிட்டார். "ஆரிஃபா, ரஸ்தாளி கொடுத்தவரு வந்திருக்காரு, டீ போடு." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "இன்னும் நாலு கன்னு கெடைக்குமாங்க?"

மாமனார் கடப்பாரையை என் கையில் கொடுத்துவிட்டு அழுதார். இன்னும் பதினேழு வீடு இருந்தது.