போகியில் எரிந்த பட்டியல்

இன்று காலை என் மகள் இந்த வருடத்து வீட்டுவேலைப் பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டினாள். பத்து வரியில் ஏழில் என் பெயர்.

உடனே இரும்புலியூர் வீடு ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா புது வருட வேலைகளைப் பிரித்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார். அதிலும் அம்மா பெயர்தான் அதிகம்.

போகியன்று அம்மா பழைய காலண்டரை நெருப்பில் போட்டுவிட்டார்.

"ஐயோ, பிளானெல்லாம் அதுலதானே இருந்துச்சு!" என்று அப்பா பதறினார்.

"எனக்கு மனப்பாடம்ங்க," என்றார் அம்மா. "காலைல காபி போடறது நீங்க. அடிபம்புல தண்ணி பெரியவ. பாத்திரம் சின்னவ. பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயிறு எல்லாருமா சிங்கப்பெருமாள் கோவில். அன்னிக்குப் புளியோதரையும் நீங்கதான்."

தன் பெயரை அவர் சொல்லவே இல்லை. மறுத்துப் பேச அக்காவிடமும் என்னிடமும் ஆதாரம் இல்லை.

அந்த ஞாயிறு, கோவிலுக்குப் பக்கத்து மரத்தடியில் அம்மா முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டார். புளியோதரையில் உப்பே இல்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தேன்.

போகிக்கு இன்னும் நான்கு நாள். ஆனால் மகள் பட்டியலைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாளாம். போனை எப்படி நெருப்பில் போடுவது, யாராவது சொல்லுங்கள்.