கூட்ஸ் வண்டியில் போன பந்து

ஹாக்கிப் பந்தைத் தொலைத்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் தெருவுக்கு முதல் செல்போன் வந்த வருஷம். ஏழாம் வகுப்பில் இருந்தேன். புதிதாக வந்த பி.டி. டீச்சர் கரும்பலகையில் மைதானம் வரைந்து ஹாக்கி சொல்லிக்கொடுத்தார். பக்கத்துக்குப் பதினொரு பேர். மட்டையின் தட்டையான பக்கத்தால்தான் அடிக்க வேண்டும். அரைவட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல்.

"ஹாலந்துல ஆடுனாலும் இதே பந்துதான், நம்ம ஊருல ஆடுனாலும் இதே பந்துதான். நூத்தி அறுவது கிராம்" என்றார்.

பள்ளியில் இருந்ததோ ஒரே பந்து. காலாண்டு லீவு விட்ட அன்று யாரிடமும் சொல்லாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் தென்னைமட்டையால் ஓங்கி ஒரு அடி. பந்து எகிறி, நகர்ந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் திறந்த பெட்டிக்குள் விழுந்தது. வண்டி போயே போய்விட்டது.

டீச்சரின் பிரம்பை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பீங்கான் கம்பெனியில் அச்சு வார்க்கும் மாமாவிடம் மட்டும் சொன்னேன்.

"இதுக்கா அழுவுற? வுடு பாப்பா, நானே செஞ்சு தரேன். சூளையில சுருங்கும், அச்சைக் கொஞ்சம் பெருசா எடுக்கணும், அவ்ளோதான்."

சொன்னபடியே பள்ளி திறப்பதற்கு முதல் நாள் பளபளவென்று வெள்ளைப் பந்து வந்தது. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், எடையும் சரி. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் கம்பெனி வாசலில் உடைசல் குவியல் கண்ணில் பட்டது. முந்தின வருஷம் அதிலிருந்த ஒரு சில்லு குத்தி என் குதிகாலில் தையல் போட்டிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. மட்டை பட்டால் இந்தப் பந்தும் சிதறும். கோல் காப்பவள் என் பக்கத்து பெஞ்சுக்காரி. காலில் உறை கட்டியிருப்பாள், முகத்தில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பிரம்பின் பயம்தான் ஜெயித்தது. பந்தை விளையாட்டு அறைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மாமா கேட்டருகே சைக்கிளை நிறுத்தி, டீச்சரிடம் ஏதோ உருண்டையான காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தான் செய்த பந்தில் நாங்கள் ஆடுவதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

டீச்சர் பெட்டியிலிருந்து பந்தை எடுத்துவந்து தரையில் வைத்தார். எதிரே கோலில் பக்கத்து பெஞ்சுக்காரி சிரித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் மட்டையை ஓங்கினார். ஓங்கியபடியே என்னைப் பார்த்தார். நான் வரிசையை விட்டு முன்னால் ஓடினேன்.

"அடிக்காதீங்க டீச்சர்! அது பீங்கானு!"

டீச்சர் மட்டையைத் தாழ்த்தினார். பாக்கெட்டிலிருந்து வேறொரு பந்தை எடுத்துப் போட்டு, "சரி, போயி வரிசையில நில்லு" என்றார். பிரம்பைத் தொடவே இல்லை.

தோழியின் கண்ணைக் காப்பாற்றியவள் நான்தான் என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இருந்த ஒரே பந்து ரயிலேறிப் போயிருக்க, டீச்சர் பாக்கெட்டுக்கு இன்னொன்று எப்படி வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.